லிப்டன் துரையின் ஐந்து தோல்வியும் பதினேழரைக் கிலோவும்

வயது போன காலத்தில் போட்டி விளையாட்டில் இறங்கலாமா என்று யாராவது கேட்டால் ஊவா மாகாணத்துக்காரர்கள் தயங்க வேண்டியதில்லை. தாராளமாக இறங்கலாம். நம்மிடம் அதற்கு ஒரு முன்மாதிரியே இருக்கிறார். ஹப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்ன பாதையில் போய், தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி இன்னும் ஏழு கிலோமீட்டர் மலையேறினால் சிலையாக உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருப்பார். பெயர் சேர் தோமஸ் லிப்டன்.

கிளாஸ்கோவில் மளிகைக் கடை நடத்தியவர். 1890இல் இங்கே வந்தார். கோப்பி நோயில் விழுந்து தோட்டங்கள் விலை மலிந்து கிடந்த காலம். தம்பேத்தன்னையையும் வேறு தோட்டங்களையும் வாங்கினார். ஒன்பது வருஷம் கழித்து, ஐம்பதைத் தொட்ட வயதில், துரைக்கு விளையாட்டு ஆசை பிறந்தது. அமெரிக்கர்கள் 1851 முதல் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த பாய்மரப் படகுக் கிண்ணத்தைப் பறித்துவிட வேண்டும். 1899இல் ‘ஷாம்ரொக்’ என்று ஒரு படகைக் கட்டினார். தோற்றார். 1901இல் இரண்டாவது ஷாம்ரொக், தோல்வி. 1903இல் மூன்றாவது, அதுவும் தோல்வி. 1920இல் நான்காவது ஷாம்ரொக் முதல் இரண்டு பந்தயங்களையும் வென்று முன்னால் நின்றது. அடுத்த மூன்றிலும் கோட்டை விட்டது. 1930இல், எண்பதைத் தாண்டிய பிறகு, ஐந்தாவது ஷாம்ரொக்கோடு போனார். நான்கு பந்தயம் நடந்தது, நான்கிலும் தோல்வி.

முப்பத்தொரு வருஷத்தில் ஐந்து படகு, ஐந்து தோல்வி. இப்படித் தோற்ற கிழவரை உலகம் என்ன செய்தது? அமெரிக்க ஜனங்கள் உருகிப்போனார்கள். ஆளுக்கு ஒரு டொலர் போடுங்கள் என்று வில் ரோஜர்ஸ் என்ற பிரபலம் பத்திரிகையில் எழுத, காசு வந்து குவிந்தது. டிபனி கடையில் பொன்னில் ஒரு கிண்ணம் செய்து துரை கையில் கொடுத்தார்கள். தோற்றவர்களிலேயே சிறந்தவர் என்ற பட்டமும் கிடைத்தது.

இத்தனைக்கும் சுக்கானைப் பிடித்தது, பாயை இழுத்தது, நனைந்தது எல்லாம் வேறு ஆட்கள். துரை காசு போட்டார். அந்தக் காசில் பன்றி இறைச்சி விற்ற காசு இருந்தது, வெண்ணெய் விற்ற காசு இருந்தது, தம்பேத்தன்னைக் கொழுந்துக் காசும் இருந்தது. நியாயத்துக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். துரையையும் அவருடைய ஊர்ப் பெரிய இடத்துக்காரர்கள் மளிகைக்காரன் என்று ஒதுக்கித்தான் வைத்தார்கள். இங்கிலாந்தின் அரச படகுக் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்தது 1931இல். அந்த வருஷமே ஒக்டோபரில் அவர் செத்துப்போனார். வாசலில் நிற்கவைக்கப்படுவது என்னவென்று நமக்கும் தெரியும் என்பதால் அந்த இடத்தில் மட்டும் துரைமேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வருகிறது. அதற்குமேல் வரவில்லை.

ஏனென்றால் அவருடைய சிலைக்குக் கீழே, அதே மலையில், ஐந்து தோல்வியெல்லாம் தாங்க முடியாத ஜாதி ஒன்று வேலை செய்கிறது. பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். பதினேழரை என்றால் அரைப்பேர். காலைப் பெரட்டுக்கு வந்து, படங்கு கட்டி, அட்டையைப் பிடுங்கி எறிந்து, வெயிலும் மழையுமாக நெறை பிடித்து, சாயங்காலம் தராசில் தொங்கவிட்டால் அரைக் கிலோவில் அரை நாள் காணாமல் போகும். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய்க் கணக்கில் பார்த்தால் அந்த அரைக் கிலோவின் விலை 675 ரூபாய். உலகத்திலேயே விலை கூடிய தேயிலை எது என்று இனிமேல் யாரும் தேட வேண்டாம்.

லிப்டன் துரை ஒரு தடவை அரைப்பேர் வாங்கியிருந்தால் இரண்டாவது ஷாம்ரொக் கட்டியிருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள்.

விளையாட்டு என்பது ஊவாவுக்குப் புதிதல்ல. பதுளையில் பேர்பெற்ற முதல் விளையாட்டு வீரர் மேஜர் ரோஜர்ஸ். இங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். அவருடைய விளையாட்டு யானை சுடுவது. 1,400 யானை வரையில் சுட்டார் என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களே பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். அவர் ஞாபகமாக எழும்பிய சென் மார்க்ஸ் தேவாலயம் பதுளை டவுனில் இன்னமும் நிற்கிறது. யானை சுட்டவருக்குத் தேவாலயம் கட்டிய ஊர், பதக்கம் வென்ற தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு கம்பம் நட்டுப் பெயர் எழுதவில்லை என்று நான் புலம்பப் போவதில்லை. அதற்கு முதலில் அந்தப் பிள்ளை ஓடுவதற்குத் தரை வேண்டும்.

தரையைப் பற்றிச் சொன்னால் தியத்தலாவை ஞாபகத்துக்கு வருகிறது. 1900இல் தென்னாபிரிக்கச் சண்டையில் பிடிபட்ட போயர் கைதிகளை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றிக் கொண்டுவந்து அங்கே முள்ளுக்கம்பிக்குள் அடைத்தார்கள். கைதிகள் சும்மா இருந்தால் மனம் கெட்டுவிடுமே என்று விளையாடவும் விட்டார்கள். 1901 ஜூலையில் அந்தக் கைதிகளின் கிரிக்கெட் அணி ஒன்று கொழும்புக்குப் போய் கோல்ட்ஸ் கழகத்தோடு மெட்ச் விளையாடியது. யுத்தக் கைதிக்கு மட்டையும் பந்தும் கொழும்புப் பயணமும் கிடைத்தன. பக்கத்து மலையில் உழைத்த நம்ம பாட்டன் பூட்டி எல்லாரும் கைதியாகவாவது பிடிபட்டிருக்கலாம்.

1948ஐயும் விட முடியாது. அந்த வருஷம் ஜூலை 31ஆம் திகதி லண்டன் ஒலிம்பிக்கில் டங்கன் வைட் 400 மீட்டர் தடையோட்டத்தில் வெள்ளி வென்றார். சுதந்திர இலங்கையின் முதல் பதக்கம். நாடு கைதட்டிய கை சூடு ஆறுவதற்குள், நவம்பரில், 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தேயிலை பறித்த இலட்சக்கணக்கானவர்கள் எந்தக் கொடியின் கீழும் ஓட முடியாதவர்களானார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஆட்களை 5,25,000 உனக்கு, 3,00,000 எனக்கு என்று பங்கு போட்டார்கள். கடைசி மிச்சம் தீர்ந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான். ஐம்பத்தைந்து வருஷம் ஓடிய தடையோட்டம் அது. டங்கன் வைட்டுக்கு ஐம்பத்திரண்டு செக்கனுக்குள் முடிந்துவிட்டது.

சரி, பழங்கதையை விடுவோம். இன்றைக்கு வயதானவர்களை ஓடச் சொல்லும் காலம். உலகம் முழுக்க மாஸ்டர்ஸ் போட்டிகள் நடக்கின்றன. 1975இல் டொரொன்டோவில் முதல் உலகப் போட்டி நடந்தது. இப்போது 35 வயதிலிருந்தே சேரலாம், ஐந்தைந்து வயதாகப் பிரிவு உண்டு. பஞ்சாப்காரர் பௌஜா சிங் நூறு வயதில் மரதன் ஓடினார். மன் கௌர் பாட்டி தொண்ணூற்று மூன்றில் ஓட்டம் பழகி, 2017இல் ஒக்லாந்தில் 101 வயதில் நூறு மீட்டரை 74 செக்கனில் ஓடி முடித்தார். நம் நாட்டில் முல்லைத்தீவு முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 2023இல், எழுபத்திரண்டு வயதில், பிலிப்பைன்ஸ் போய் 1500 மீட்டர் ஓட்டத்திலும் 5000 மீட்டர் விரைவு நடையிலும் தங்கம் வென்று, 800 மீட்டரில் வெண்கலமும் எடுத்து வந்தார். யுத்தம் மிதித்த மண்ணிலிருந்து எழும்பி ஓடிய அந்த அம்மாவுக்கு முன்னால் என் நக்கலெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு நம்ம பக்கத்து ஐயாமார் கேட்கிறார்கள்: “ஏன் நம்ம மலையக அம்மாமார் இப்படி விளையாட்டுக்குத் திரும்பக் கூடாது?”

திரும்புவதா? முதலில் எப்போது போனார்கள், திரும்ப? பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை என்று எந்தப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டிக்கும் போய்ப் பாருங்கள். செருப்பில்லாமல் ஓடி முதலாவதாக வரும் பொம்பளைப் பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். பள்ளியில் வெல்லும், கோட்டத்தில் வெல்லும். வலயப் போட்டி என்றால் மைதானத்துக்குப் போக பஸ் காசு வேண்டும், சப்பாத்து வேண்டும், கூடப்போக ஒரு ஆள் அன்றைய பேரை இழக்க வேண்டும். அத்தோடு ஓட்டம் முடிந்தது. சில வருஷத்தில் அந்தப் பிள்ளைக்குத் தோட்டத்தில் பேர் பதிவார்கள். பயிற்சி எடுக்கவும் இடமில்லை. மலையில் சமதரை என்று ஒன்று இருந்தால் அது தொழிற்சாலைக்கு, இல்லையென்றால் துரை பங்களாப் புல்வெளிக்கு. மிச்சம் இருக்கிற சாய்வில் லயம்.

ஓய்வுபெற்ற பிறகு திரும்புகிறார்கள்தான், அதை நான் மறைக்கவில்லை. ஐம்பது வயதானால் பெண்கள் சேமலாப நிதியை எடுக்கலாம். எடுத்த காசு மகள் கல்யாணத்துக்கும் பழைய கடனுக்கும் போன கையோடு, அதே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, அதே மலைக்குக் கைக்காசு வேலைக்கு வருகிறார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பேர் கிடையாது, லீவு கிடையாது, பல தோட்டங்களில் சேமலாப நிதியும் கிடையாது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் கிலோக்கணக்குக் கூலிக்காரருக்கும் அந்த நிதி உண்டு என்றுதான் சொல்கிறது. சட்டப் புத்தகத்துக்கு மலையேற மூச்சு வாங்குகிறது போலும். முழங்கால் தேய்ந்து, கண் மங்கி, பேத்தி வயதுக்காரிகளோடு நெறைக்கு நெறை போட்டி போடும் அந்தக் கிழவிகள்தான் ஊவாவின் மாஸ்டர்ஸ் அணி. பிலிப்பைன்ஸ் போகத் தேவையில்லை. மாஸ்டர்ஸ் போட்டிகளுக்குப் பெரும்பாலும் போகிறவர்தான் செலவழிக்க வேண்டும், இங்கே அந்தத் தொல்லையும் இல்லை. தினமும் போட்டி நடக்கிறது.

உயரப் பயிற்சிக்கும் குறைவில்லை. கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரத்தில் பயிற்சி எடுத்தால் இரத்தத்தில் சிவப்பணு கூடும் என்று வீரர்கள் நாடு விட்டு நாடு போகிறார்கள். துரை சிலையாக உட்கார்ந்திருக்கும் லிப்டன் சீட் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அதைச் சுற்றி முப்பது வருஷம் ஏறி இறங்கியவர்கள் கிளினிக்கில் இரத்தச்சோகைக் குளிசைக்கு வரிசையில் நிற்கிறார்கள். நூறு மீட்டர் ஓட்டமும் உண்டு, குளவி கலையும்போது. அதில் பின்தங்கியவர்களுக்கு வெண்கலம் கிடையாது. ஆஸ்பத்திரி கிடைக்கும், சிலருக்கு அதுவும் தேவைப்படாமல் போயிருக்கிறது.

இப்போது மலைக்கு வேறு விளையாட்டு வீரர்களும் வருகிறார்கள். கண்டியிலிருந்து ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியா வரைக்கும் 22 கட்டமாக, 300 கிலோமீட்டருக்கு மேல், ‘பீகோ டிரெயில்’ என்று ஒரு நடைபாதை. இரண்டு கையிலும் ஊன்றுகோல், முதுகில் தண்ணீர்ப் பை, காலில் விலையுயர்ந்த சப்பாத்து. ஐம்பதுக்குமேல் உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்த வெள்ளைக்காரர்கள் ஒற்றையடிப் பாதையில் எதிரே வந்தால், முதுகில் கூடையோடு அறுபது வயதுக் கிழவி தேயிலைச் செடிக்குள் ஒதுங்கி வழிவிடுகிறாள். அவர்கள் சிரித்துப் படம் எடுக்கிறார்கள். இரண்டு பேரும் நடப்பது ஒரே பாதை. அதை வெட்டியது கிழவியின் பாட்டன். ஒருவருக்கு அது ஆரோக்கியம், இன்னொருவருக்கு அரைப்பேர்.

எனக்கு வயிறு எரிவது வேறு ஒரு இடத்தில். ஓடுகிறவர் உடம்பு ஒவ்வொரு பத்து வருஷமும் ஒரே மாதிரி இருக்காது என்று மாஸ்டர்ஸ்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெண்களுக்கான குண்டு சாதாரணப் போட்டியில் 4 கிலோ. ஐம்பது வயதானதும் 3 கிலோ ஆக்கிவிடுகிறார்கள். எழுபத்தைந்தில் 2 கிலோ. தடைகளின் உயரத்தையும் வயதுக்கேற்றபடி இறக்கி வைக்கிறார்கள். வெறும் விளையாட்டுக்கு, பொழுதுபோக்குக்கு, ஒரு தடவை தூக்கி எறிந்துவிட்டுப் போகும் குண்டுக்கு இவ்வளவு கரிசனை. நம்ம தோட்டத்தில் இருபது வயதுக் குமரிக்கும் 18 கிலோ, ஐம்பத்தொன்பது வயதுக் கிழவிக்கும் 18 கிலோ. அந்தப் பதினெட்டை எறிந்துவிட்டுப் போகவும் முடியாது, மலை மலையாகச் சுமக்க வேண்டும். மாதம் 25 நாள் என்றால் 450 கிலோ. அதற்குமேல் தராசில் கூடைக்கென்று ஒரு கழிவு, மழைத் தண்ணீருக்கென்று ஒரு கழிவு. காற்று அளவுக்கு மேல் பின்னாலிருந்து அடித்தால் குறுந்தூர ஓட்டப் பந்தயத்தில் சாதனையை ஏற்கமாட்டார்கள், தெரியும்தானே. இங்கே வானம் பெய்தாலும் குற்றம் கிழவிமேல்.

2021இல் சம்பளம் 1,000 ரூபாய் ஆனபோது கம்பனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2024இல் 1,700 என்று வர்த்தமானி வந்தபோதும் போயின. உயர் நீதிமன்றம் தடை போட்டது. அந்த வருஷம் 1,350இல் வந்து நின்றது. நாங்கள் ரூபாயை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் பல தோட்டங்களில் 18 கிலோ 20 ஆனது. முடிவுக் கோட்டுக்குக் கிட்டப் போகப் போகக் கோட்டைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கும் போட்டி வேறெங்கும் உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

இதற்கு மத்தியில் கம்பனிக்காரர்கள் கொழுந்து பறிக்கும் போட்டி நடத்துகிறார்கள், கேலிக்குச் சொல்லவில்லை. நல்ல மைதானம், நடுவர்கள், எண் ஒட்டிய சட்டை, கெமரா, இலட்சக்கணக்கில் பரிசு. இருபது நிமிஷத்துக்குள் யார் கூடப் பறிக்கிறாரோ அவர் வெற்றியாளர். வென்றவர்கள் வென்ற காசை நன்றாக அனுபவிக்கட்டும், அது அவர்கள் உழைப்பு. ஆனால் இருபது நிமிஷத்துக்கு மாலையும், மிச்ச ஏழு மணி நாற்பது நிமிஷத்துக்குத் தராசும் பிடிக்கிற கை ஒரே கைதான். நம் அரசியல்வாதிகளும் அதே மேடையில் முன்வரிசையில் இருப்பார்கள். தேர்தல் வந்தால் தோட்டத்து இளைஞர் கழகத்துக்குக் கரப்பந்தும் வலையும் கொடுப்பார்கள். வலை கட்ட இடம் கேட்டால் துரையிடம் பேசுகிறோம் என்பார்கள். மகளிர் தினத்தில் அம்மாமாரைக் கூட்டிச் சங்கீதக் கதிரை விளையாட வைப்பார்கள். கதிரை ஒவ்வொன்றாகக் குறைவதும், உட்கார இடமில்லாமல் பொம்பளைகள் சுற்றிச் சுற்றி ஓடுவதும், கடைசிக் கதிரையில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதும் நமக்கு ஏற்கெனவே பழக்கமான ஆட்டம்தான்.

சங்கத் தலைவர்மாரே, அமைச்சர்மாரே, கம்பனிப் பெரியவர்களே, உங்களிடம் பதக்கம் கேட்கவில்லை. அடுத்த சம்பளப் பேச்சு மேசையில் ரூபாயோடு சேர்த்துக் கிலோவையும் வையுங்கள். நாற்பதுக்குமேல் ஒரு அளவு, ஐம்பதுக்குமேல் அதைவிடக் குறைந்த அளவு, அந்த அளவுக்கு முழுப்பேர் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அரைக் கிலோவுக்கு அரை நாளை வெட்டும் வழக்கத்தை ஒழியுங்கள். கைக்காசுக்கு வரும் கிழவிக்கும் சட்டப்படி சேமலாப நிதி கட்டுங்கள். தோட்டத்துக்கு ஒரு சமதரை கொடுங்கள், பங்களாப் புல்வெளியில் பாதி போதும். அதுவரையில், ‘முதுமையிலும் விளையாடுவோம்’ என்று அச்சடித்த டீ-சேர்ட்டையும் தொப்பியையும் தூக்கிக்கொண்டு எங்கள் மலைக்கு ஏறி வராதீர்கள்.